வக்கீலைத் தேடும் முன் கோர்ட்டைத் தேடுங்கள்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். போன வாரம் வண்டி நிறுத்தும் இடத்துக்காக நடந்த சண்டையில் என் மகன் (வயது 29, ஐடி வேலை) எதிர்வீட்டுக்காரரை ஹெல்மெட்டால் அடித்துவிட்டான். அவருக்கு நெற்றியில் நான்கு தையல். அவரும் இவனை அடித்தார். ஆனால் புகார் கொடுத்தது அவர்தான். 296(பி), 115(2), 118(1), 351(3) என்று எப்ஐஆர் போட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி மகனுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், 'ஸ்டேஷனில் பேசி முடித்துவிடலாம்' என்று 20,000 ரூபாய் வாங்கிப் போனார். இப்போது ஃபோனை எடுப்பதில்லை. ஹைகோர்ட் வக்கீல்தான் வேண்டும் என்கிறார் மைத்துனர். இணையத்தில் ஒரு வக்கீல் 'ஜாமீன் நிச்சயம்' என்கிறார். இந்த வயது வரை நான் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு கொடுப்பது? மகனை ஆபீஸில் ஜெர்மனிக்கு அனுப்புவதாக இருந்தார்கள், அது என்ன ஆகும்? எதிர்வீட்டுக்காரரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடாதா?

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அவசரமான இரண்டு விஷயங்களை ஃபோனில் சொல்லிவிட்டேன். மகன் ஊரைவிட்டுப் போகக் கூடாது, ஃபோனை அணைத்துவைக்கக் கூடாது என்பது ஒன்று. வண்டி நிறுத்தும் இடத்து சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்தப் பெட்டிகள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். போனால் திரும்ப வராது. மற்றதை இங்கே நிதானமாக எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும்.

முதலில் எப்ஐஆரைப் பார்ப்போம். எந்த மாதிரி வக்கீல் வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். 2024 ஜூலை 1 முதல் பழைய ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. உங்கள் மகன் மேல் போட்டிருக்கும் 296(பி), 115(2), 351(3) மூன்றும் பழைய 294(பி), 323, 506(2)தான். தமிழ்நாட்டில் தெருச் சண்டை என்றாலே சேர்ந்து வரும் மூவர் அணி அது. கெட்ட வார்த்தை, அடி, கொலை மிரட்டல். சண்டையில் யாரும் மிரட்டாவிட்டாலும் எழுதும்போது மிரட்டல் வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மையில் கவனிக்க வேண்டியது 118(1), அதாவது ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவது. மூன்று ஆண்டு வரை தண்டனை, புதிய சட்டத்தில் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, கோர்ட் பார்த்துக் கொடுத்தால்தான் கிடைக்கும் குற்றம். சுடும், குத்தும், வெட்டும் கருவி, அல்லது ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய பொருள் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஹெல்மெட் அதில் வருமா? அது எதனால் செய்தது, எப்படி வீசினார், காயம் எவ்வளவு ஆழம் என்பதை வைத்து வாதாட வேண்டிய விஷயம். உங்கள் வழக்கின் முதல் சண்டையே இதுதான்.

நீங்கள் பேசப்போகும் வக்கீல் உங்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே வருகிறது. எதிர்வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த ஏ.ஆர். காப்பியில் (டாக்டர் காயத்தை எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்) என்ன இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்தார்களா? எலும்பு விரிசல், பல் உடைதல், 15 நாள் கடும் வலியோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமையோ இருந்தால் அது கொடுங்காயம் ஆகிவிடும் (பழைய சட்டத்தில் 20 நாள்). அப்போது பிரிவை மாற்றுவார்கள், 118(2) வரும், அதற்கு ஆயுள் வரை தண்டனை உண்டு. இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் 'கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்' என்று ஆரம்பிப்பவரிடம் ஒரு டீயோடு பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, வக்கீல் எங்கே கிடைப்பார்? உங்கள் மைத்துனர் சொல்வதில் தப்பில்லை, ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. நம்ம பக்கம் ஊர் வளர்ந்த வேகத்தில் எல்லைகள் ஒன்றுமேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. தாம்பரம் மாநகராட்சி 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது, பெருங்களத்தூர் அந்தப் பேரூராட்சிகளில் ஒன்று. தாம்பரம் போலீஸ் கமிஷனரேட் 2022 ஜனவரி 1 முதல். இந்தக் கமிஷனரேட்டில் செங்கல்பட்டு மாவட்டத்து ஸ்டேஷன்களும் உண்டு, சோமங்கலம், மணிமங்கலம் மாதிரி காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்டேஷன்களும் உண்டு, சென்னை மாவட்டத்தில் இருப்பவையும் உண்டு. போலீஸ் ஒன்றுதான், கோர்ட்டுகள் வேறுவேறு. முகவரியில் 'தாம்பரம்' என்றோ 'சென்னை' என்றோ இருப்பதை வைத்து எந்த மாஜிஸ்திரேட், எந்த செஷன்ஸ் கோர்ட் என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் எப்ஐஆரின் மேலே மாவட்டம், ஸ்டேஷன், குற்ற எண் எல்லாம் இருக்கும். அந்த ஸ்டேஷன் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டோடு இணைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெருங்களத்தூரைப் பொறுத்தவரை முன்ஜாமீனுக்குப் போக வேண்டிய செஷன்ஸ் கோர்ட் செங்கல்பட்டில் இருக்கிறது.

அந்த இரண்டு கோர்ட்டுகளிலும் தினமும் நிற்கும் ஒருவர்தான் உங்களுக்கு வேண்டும். 'ஜட்ஜைத் தெரியும்' என்பவரைச் சொல்லவில்லை, அப்படிச் சொல்பவரிடம் போகவே வேண்டாம். மனு என்றைக்கு நம்பர் ஆகும், அரசு வக்கீல் போலீஸிடம் விவரம் கேட்க எத்தனை நாள் எடுப்பார், ஜாமீன்தாரர்களுக்கு என்ன தாள் கேட்பார்கள், குமாஸ்தா எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே இருப்பவருக்குத்தான் தெரியும். சட்டப்படி எந்த வக்கீலும் எந்தக் கோர்ட்டிலும் வாதாடலாம். ஆனால் சென்னையிலிருந்து வரும் பெரிய வக்கீல் இரண்டாவது வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்புவார், மூன்றாவதுக்கு அந்த ஜூனியரும் வேறொரு உள்ளூர் வக்கீலிடம் 'சார், ஒரு நிமிஷம் பாத்துக்கங்க' என்று சொல்லிவிடுவார். நான் அந்த 'ஒரு நிமிஷம்' வக்கீலாக எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். கேஸ் கட்டைப் பிரித்தே பார்க்காமல்.

ஹைகோர்ட் எப்போது? முன்ஜாமீனுக்கு செஷன்ஸ், ஹைகோர்ட் இரண்டுக்கும் அதிகாரம் உண்டு. நடைமுறையில் செஷன்ஸில் முதலில் கேட்டு, கிடைக்காவிட்டால் மேலே போவதே வழக்கம். எப்ஐஆரையே ரத்து செய்யக் கேட்பது, 118(1) மாதிரிப் பிரிவு உள்ள வழக்கைச் சமரசமான பிறகு முடிப்பது, இந்த இரண்டும் ஹைகோர்ட் வேலை. அதற்கு அங்கே இருப்பவர் வேண்டும். உங்கள் உள்ளூர் வக்கீலே ஒருவரைச் சொல்வார். ஒரு சின்ன விஷயம். 'சீனியர் அட்வகேட்' என்பது கோர்ட் கொடுக்கும் தகுதி. நரைத்த தலை எல்லாம் சீனியர் இல்லை. அந்தத் தகுதி பெற்றவர் உங்களிடம் நேரடியாக வக்காலத்து வாங்கக் கூடாது, இன்னொரு வக்கீல் மூலம்தான் ஆஜராவார். 'நான் சீனியர், இங்க கையெழுத்து போடுங்க' என்று யாராவது சொன்னால் அங்கேயே கணக்கு உதைக்கிறது.

இணையத்து வக்கீலைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது, பார் கவுன்சில் விதி 36. வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டு, விலைப்பட்டியல் வைத்து ஆள் பிடித்துக் கொடுக்கும் இணையதளங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டே கடுமையான தீர்ப்பு கொடுத்திருக்கிறது. 'ஜாமீன் நிச்சயம்' என்பது விளம்பரத்துக்கும் ஒரு படி மேல். ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்று முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதும் விதிமீறல்தான். கேட்க இனிப்பாக இருக்கும். வேண்டாம்.

பிறகு எப்படித் தேடுவது? அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்ப்பது பலருக்குத் தெரியும். அதே இடத்தில் வக்கீலின் பெயரைப் போட்டும் தேடலாம். செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்குச் சொன்ன பெயரைப் போடுங்கள். அவர் நடத்தும் வழக்குகள் வரும். எல்லாம் செக் மோசடியும் விவாகரத்துமாக இருந்தால் அவர் நல்ல வக்கீலாகவே இருக்கலாம், உங்கள் வேலைக்கு ஆள் இல்லை. அதைவிட நான் நம்புவது இன்னொரு வழி. கிரிமினல் கோர்ட் திறந்த கோர்ட், யாரும் உள்ளே போய் உட்காரலாம். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பின்வரிசையில் உட்காருங்கள். செல்ஃபோனை அணைத்துவிட்டு மதியம் வரை. யார் கட்டைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், யார் தன் கட்சிக்காரர் பெயரையே பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார், சாட்சியைக் குறுக்கு விசாரிக்கும்போது யாருடைய கேள்விக்குச் சாட்சி திணறுகிறார் என்பதெல்லாம் சட்டம் தெரியாதவருக்கும் தெரியும். ரயில்வேக்காரருக்குக் கட்டாயம் தெரியும், வேலை செய்பவனையும் வேலை செய்வதாகக் காட்டுபவனையும் முப்பது வருஷம் பார்த்தவர் நீங்கள்.

இரண்டு மூன்று பேரைப் பார்த்துப் பேசுங்கள். எப்ஐஆர் நகலைக் கையில் கொடுத்துவிட்டு, 'இதில் எங்களுக்கு மோசமான விஷயம் என்ன?' என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்தில் ஆள் தெரிந்துவிடுவார். உங்கள் மகன் விஷயத்தில் நேர்மையான பதில் இப்படி இருக்க வேண்டும்: இந்தப் பிரிவுகள் எல்லாமே ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ளவை. இப்படிப்பட்ட வழக்கில் நேராகக் கைது செய்யாமல் முதலில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 35(3) நோட்டீஸ் (பழைய 41ஏ) கொடுத்து விசாரிக்க வேண்டும், பழைய சட்டம் இருந்தபோதே 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது அது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஆனாலும் 118(1) இருப்பதால், பிரிவு மாறும் ஆபத்தும் இருப்பதால், முன்ஜாமீன் போட்டுவைப்பது நல்லது. இவ்வளவையும் சொல்லாமல், 'இன்னிக்கு ராத்திரியே தூக்கிடுவாங்க, உடனே ஐம்பதாயிரம்' என்பவரும் வேண்டாம், 'ஒண்ணும் ஆகாது' என்பவரும் வேண்டாம்.

வாட்ஸ்அப் தகவல் பற்றி ஒரு குறிப்பு. 35ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக மகன் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடக் கூடாது. நாளை முன்ஜாமீன் மனுவில் 'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்ற ஒரு வரி போதும், எல்லாம் கெட்டுப்போகும். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், வருகிறோம் என்று வக்கீல் மூலம் பதில் அனுப்புவதே முறை. போகும்போது வக்கீலோடு போகலாம். விசாரணை முழுக்கப் பக்கத்தில் உட்கார முடியாவிட்டாலும், கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க பிஎன்எஸ்எஸ் 38 உரிமை கொடுக்கிறது. ஒருவேளை கைதே ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும், கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்போது கையில் வக்கீல் இல்லையென்றால் பதற வேண்டாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. 15100 என்ற எண்ணைக் குறித்துவையுங்கள். இலவசம் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ரிமாண்ட் நேரத்தில் அங்கேயே நிற்கும் சட்ட உதவி வக்கீல், வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பெரிய வக்கீலைவிட நூறு மடங்கு மேல்.

இன்னொன்று. எதிராளியும் அடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் தரப்பில் புகார் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதாவது இருக்கிறதா? மகன் டாக்டரிடம் காட்டினாரா? இரு தரப்பும் புகார் கொடுத்த வழக்கை ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, யார் ஆரம்பித்தது என்று பார்க்க வேண்டும் என்பது போலீஸ் நிலை ஆணை. ஒரு பக்கக் காகிதம் மட்டும் இருந்தால் ஒரு பக்கக் கதைதான் கோர்ட்டுக்குப் போகும். தாமதமானாலும் வக்கீலிடம் முதலில் பேச வேண்டிய விஷயம் இது. பேசும்போது மகன் முழு உண்மையையும் சொல்லட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். அப்பா முன்னால் சொல்லாததை வக்கீலிடம் சொல்வார்கள். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியில் சொல்லச் சட்டமே தடை போட்டிருக்கிறது.

ஃபீஸ். எவ்வளவு என்று தொகை சொல்ல மாட்டேன். அதே வேலைக்கு ஒரே கட்டடத்தில் இரண்டு பேர் கேட்கும் தொகையில் பத்து மடங்கு வித்தியாசத்தை நானே பார்த்திருக்கிறேன். எப்படிப் பேசுவது என்று மட்டும் சொல்கிறேன். 'கேஸ் முழுக்க இவ்வளவு' என்று மொத்தமாகப் பேசாதீர்கள். முன்ஜாமீன் வரை எவ்வளவு, ஜாமீன்தாரர் கொடுத்து, நிபந்தனைப்படி ஸ்டேஷனில் போடும் கையெழுத்தைத் தளர்த்தும் மனு வரை அதில் சேர்த்தியா, குற்றப்பத்திரிகை வந்த பிறகு விசாரணைக்குத் தனியா என்று கட்டம் கட்டமாகக் கேளுங்கள். குற்றப்பத்திரிகை வர மாதங்கள் ஆகலாம், அதற்குள் சமரசமானால் விசாரணைக்கு இப்போதே கொடுத்த பணம் போனதுதான். வங்கி வழியாகக் கொடுங்கள் அல்லது ரசீது வாங்குங்கள். 'கோர்ட் ஃபீஸ்' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் நின்று கேளுங்கள், முன்ஜாமீன் மனுவுக்கு ஒட்டும் ஸ்டாம்ப் மிகச் சொற்பம். வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வக்காலத்தில் வக்கீல் பெயர், பதிவு எண், வழக்கு விவரம் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம். வக்காலத்தை ஒரு ஃபோட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிடித்த வக்கீலோடு கடைசி வரை போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில வருஷம் முன்னால் ஒரு தாயார் என்னிடம் வந்தார். மகனின் கேஸ் கட்டை முந்தைய வக்கீல் தர மறுக்கிறார், பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார். அழுதுகொண்டே தாலியை அடகு வைக்கக் கிளம்பியிருந்தார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கடிதம் எழுதினோம், மறுநாள் கட்டு வந்தது. பாக்கியை அவர் அப்புறம் தவணையில் கொடுத்தார். கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதானே.

அந்த 20,000 ரூபாய் விஷயம் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். அவர் வக்கீலா என்பதே உங்களுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் 'பேசுவதற்கு' என்று கொடுத்தது லஞ்சத்துக்காக என்று ஆனால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி. அதனால் அதைத் திரும்ப வாங்கக் கூட்டமாகப் போகாதீர்கள், ஃபோனில் 'இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த பணம்' என்றெல்லாம் மெசேஜ் அனுப்பாதீர்கள். புதிய வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

ஜெர்மனிக்கு இப்போதைக்கு ஆறு மாதமாவது தள்ளிக் கேட்கச் சொல்லுங்கள். முன்ஜாமீன் உத்தரவிலேயே கோர்ட் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை வரலாம். பிறகு அனுமதி மனு போட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், பெரிய கஷ்டம் இல்லை. ஆபீஸில் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், கேட்காவிட்டால் வேலை ஒப்பந்தத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

மன்னிப்பு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். எண்ணம் சரி, நேரம் சரியில்லை. இப்போது நீங்கள் போய்க் கதவைத் தட்டினால், புகாரை வாபஸ் வாங்க மிரட்டியதாக இன்னொரு புகார் வர ஒரு நிமிடம் போதும், உங்கள் பெயரும் சேரும். முன்ஜாமீன் கிடைக்கட்டும், தையல் பிரிக்கட்டும், கோபம் கொஞ்சம் ஆறட்டும். அதன் பிறகு உங்கள் வக்கீல் அவர் பக்கத்து ஆளிடம் பேசுவார், சங்கத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவர் இருந்தால் இன்னும் நல்லது. 115(2) மாதிரிச் சின்னப் பிரிவை அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். 118(1) இருக்கும்போது இரு தரப்பும் பிரமாணப் பத்திரம் கொடுத்து ஹைகோர்ட்டில் ரத்து கேட்க வேண்டியிருக்கும், இப்படிப்பட்ட அண்டைவீட்டுச் சண்டைகளில் அது நடக்கக்கூடியதுதான். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொள்வதாகவும் வக்கீல் மூலமே சொல்லுங்கள். அதுவரை மாடிப்படியில் அவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டுப் போய்விடுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்குத் தெருவிலேயே நிறுத்துங்கள்.